விடியுமுன் இறால் குட்டையில்

மே 14, தேவகோட்டை

நாளை பெரியப்பா மகன் அண்ணனோடு தொண்டிப் பக்கம் ஒரு இறால் பண்ணைக்குப் போகிறேன். சந்தையில் நாம் வாங்கும் வனாமி இறாலின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்துப் பசிபிக் கரை. 2009-ல்தான் இங்கே வளர்க்க அனுமதி வந்தது. "நாலு மணிக்கே வந்துருங்க தம்பி, வெயில் ஏறிட்டா பாக்க ஒண்ணுமில்ல" என்றார் பண்ணைக்காரர்.

மே 15, திருவாடானை தாண்டி

ஏன் அப்படிச் சொன்னார் என்று கரையில் நின்றதும் தெரிந்தது. பகலில் தண்ணீரில் உள்ள பாசி பிராணவாயுவைத் தரும். இரவில் அதுவே இறாலோடு சேர்ந்து இழுக்கும். விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. நாங்கள் நிற்கும்போதே கரண்ட் போயிற்று. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் சக்கரங்கள் நின்றன. காவலுக்கு இருந்த பெரியவர் ஜெனரேட்டர் கொட்டகைக்கு ஓடிய வேகம் கண்ணிலேயே நிற்கிறது. சக்கரம் திரும்பச் சுற்றிய பிறகுதான் எங்களிடம் பேசினார்: "ஒரு ராத்திரி அசந்தா மூணு மாசப் பாடு போச்சு தம்பி." நாம் கிலோ விலை பேரம் பேசும்போது இந்தத் தூங்காத இரவுகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும்.

பிறகு இறால் தீவனம் தின்கிறதா என்று பார்க்கத் தண்ணீருக்குள் வைக்கும் செக் ட்ரே தட்டைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடி போன்ற உடம்பு. முதுகோரம் தலையிலிருந்து வால் வரை அறுபடாத கருங்கோடு. குடல் நிறைந்திருக்கிறது, நன்றாகத் தின்கிறது என்று அர்த்தமாம். தட்டில் தீவனம் மிஞ்சினால் அடுத்த வேளைக்குக் குறைப்பார்கள். மிஞ்சியது அடியில் அழுகினால் நோய்தான். ஓரத்தில் உரித்துப் போட்ட தோல் ஒன்றும் கிடந்தது, மீசையோடு முழுசாக. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் அதிகம் உரிக்குமாம்.

மே 16, வீட்டில்

அண்ணி பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு வறுத்தார். ருசியாகத்தான் இருந்தது.

ஆனால் குட்டையை வடிக்கும் உப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி எனக்கு விடவில்லை. கண்மாயை நம்பி வாழ்கிற சீமை இது. சர்வோதயத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் தஞ்சைக் கடலோரத்தில் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடியதும், 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும், 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று சட்டம் வந்ததும் இந்தத் தண்ணீர்ப் பிரச்சினையால்தான். பண்ணைக்காரர் கழிவுநீரைத் தேக்கித் தெளியவைக்கத் தனியாக ஒரு வண்டல் குட்டை வைத்திருக்கிறார். அது நல்ல காரியம். பக்கத்து வயல்காரர், "கிணறு இன்னும் கரிக்கல" என்றார். 'இன்னும்' என்கிறாரே! பிடிப்பு முடிந்து குட்டையை வடிக்கும் அன்று உப்பு அளக்கும் கருவியோடு வருகிறோம் என்று அண்ணன் போனிலேயே கேட்டுவிட்டார். பண்ணைக்காரரும் சரி என்றார். வாய்க்காலில் ஒரு தடவை, கிணற்றில் ஒரு தடவை அளப்பதாக ஏற்பாடு.