அப்பாவின் ரேடியோவுக்கு ஒரு ப்ளகின்

2008 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "அரை மணி நேரத்துல பாட்டு வரும்ப்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது காலை பத்து மணி. பாட்டு வந்தபோது இரவு ஒன்பதரை.

அப்போது பெங்களூர் அல்சூரில் குடியிருந்தோம். அப்பா இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். இங்கே எஃப்எம்மைத் திருப்பினால் கன்னடமும் இந்தியும்தான். மீடியம் வேவில் சென்னையைப் பிடிக்கப் பார்த்தால் பகல் முழுக்கக் கரகரப்பு. பழைய தமிழ்ப் பாட்டு மட்டுமே போடும் இணைய வானொலி ஒன்றைப் பற்றி அவருடைய வாக்கிங் நண்பர் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கமோ விண்டோஸ் மீடியா ப்ளேயர் இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டது. எங்கள் வீட்டில் இருந்தது எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த ஏஎம்டி 64 பிட் மெஷின், அதில் உபுண்டு 8.04 என்கிற லினக்ஸ். ப்ளேயர் தெரிய வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டமும் நடுவே ஒரு புதிர்த் துண்டுப் படமும்தான் தெரிந்தன.

இன்றைக்கு இது வேடிக்கையாக இருக்கும். அன்று ப்ரவுசருக்குச் சொந்தமாகப் பாடத் தெரியாது. பாட்டையும் படத்தையும் பக்கத்தில் நேரடியாக வைக்க உதவும் ஆடியோ, வீடியோ டேக்குகள் ஃபயர்ஃபாக்ஸ் ப்ரவுசரில் வந்ததே 3.5 பதிப்பில், 2009 ஜூனில். அதுவரை நெட்ஸ்கேப் காலத்து ப்ளகின் முறைதான்: ப்ரவுசர் ஒரு .எஸ்ஓ கோப்பை (துணை நிரல் அடங்கிய லினக்ஸ் கோப்பு, அதுதான் ப்ளகின்) தன் ப்ராசஸுக்குள்ளேயே, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் தன் நிரலுக்குள்ளேயே, ஏற்றிக்கொள்ளும், பக்கத்தில் ஒரு கட்டத்தை அதற்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். "தன் ப்ராசஸுக்குள்ளேயே" என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று வைத்துக்கொள்ளவில்லை.

எம்ப்ளேயர் என்ற ப்ளேயர் ஏற்கெனவே இருந்தது. வானொலியின் எம்எம்எஸ் (மைக்ரோசாஃப்ட்டின் இணைய ஒலிபரப்பு முறை) முகவரியை டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், கொடுத்தால் அழகாகப் பாடியது. அதை ப்ரவுசருக்குள் கொண்டுவர எம்ப்ளேயர்ப்ளக்-இன் என்றொரு ஓப்பன் சோர்ஸ் ப்ளகின் உண்டு. உபுண்டுவின் மென்பொருள் கிடங்கான ரெப்பாசிட்டரியிலேயே அது ரெடிமேட் பேக்கேஜாகக் கிடைத்தது. போட்டேன். ப்ரவுசரை மூடித் திறந்தேன். ப்ளகின்களைப் பட்டியலிடும் அபௌட்:ப்ளகின்ஸ் பக்கத்தில் அதன் பெயரே இல்லை.

சரி, பேக்கேஜ்தான் கோளாறு, சோர்ஸிலிருந்தே, அதாவது மூல நிரலிலிருந்தே, கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். எந்த ஆதாரமும் இல்லாமல் எடுத்த முடிவு. டெர்மினல் தெரிந்தவனுக்கு வருகிற திமிர், வேறொன்றுமில்லை.

மூல நிரலின் டார் கோப்பை இறக்கிப் பிரித்து, கட்டத் தேவையானதெல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும் கன்ஃபிகரை ஓட்டினால், மூல நிரலை இயங்கும் நிரலாக்கும் சி கம்பைலரால் இயங்கும் கோப்பை உருவாக்க முடியவில்லை என்று முதல் அடியே விழுந்தது. ஜிசிசி கம்பைலர் இருக்கிறதே என்று குழம்பி கன்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து பார்த்தபோது புரிந்தது. கம்பைலர் இருந்தது, ஆனால் சி லைப்ரரியின் டெவலப்மென்ட் கோப்புகள் இல்லை. அரிசி இருக்கிறது, உலை வைக்கப் பானை இல்லை என்கிற கதை. பில்ட்-எசென்ஷியல் பேக்கேஜைப் போட்டதும் அது சரியானது. அடுத்து ஜன்னல், பட்டன் வரையும் ஜிடிகே லைப்ரரியின் ஹெடர் (கம்பைலருக்கான அறிமுகக் கோப்பு) இல்லை என்றது, அதன் டெவ் பேக்கேஜைப் போட்டேன். அடுத்து கெக்கோ ஹெடர் இல்லை என்றது. ஃபயர்ஃபாக்ஸ் இருந்தாலும் அதன் உள் எஞ்சினான கெக்கோவுடன் பேசுவதற்கான ஹெடர்கள் தனி. ஜூல்ரன்னர் 1.9-இன் டெவ் பேக்கேஜ் அதற்கு. 256 கேபிபிஎஸ் இணைப்பில் ஒவ்வொன்றும் ஒரு காபி இடைவேளை. நடுவில் கரண்ட் போய், வர இரண்டு மணி நேரம் ஆனது. அப்பா அந்த நேரத்தில் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டார்.

கம்பைல் செய்யச் சொல்லும் மேக் கட்டளையை அடித்தபிறகு நடந்ததெல்லாம் சில நிமிஷ வேலை. கிடைத்தது ஒரு ப்ளகின் அல்ல, ஒரு குடும்பம்: பொதுவாக ஒன்று, விண்டோஸ் மீடியாவுக்கு ஒன்று, குயிக்டைமுக்கு ஒன்று, ரியலுக்கு ஒன்று என்று தனித்தனி .எஸ்ஓ. ஒவ்வொன்றுக்கும் துணையாக .எக்ஸ்பிடி கோப்பு, பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் ப்ளேயரை இயக்குவதற்காக. எல்லாவற்றையும் ஹோம் ஃபோல்டரில் மொசில்லாவின் ப்ளகின்ஸ் ஃபோல்டருக்குள் போட்டு, ப்ரவுசரைத் திறந்தேன்.

இல்லை. பெயர்கூட இல்லை.

அல்சூர் ஏரிக்கரையில் அப்போது திருவள்ளுவர் சிலை ஒன்று மூடிப் போர்த்தி நின்றுகொண்டிருந்தது. 1991-இல் நிறுவினார்கள், 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். என் ப்ளகினும் அதே நிலையில்தான் இருந்தது: வைத்தாயிற்று, இருக்கிறது, கண்ணுக்கு மட்டும் தெரியாது.

மூன்று முறை மறுபடி கம்பைல் செய்தேன். கன்ஃபிகருக்கு வேறு வேறு ஆப்ஷன் கொடுத்துப் பார்த்தேன். ஃபோல்டரை மாற்றினேன், பர்மிஷனை மாற்றினேன். ஆறு மணிக்கு அப்பா எட்டிப் பார்த்து, "ஏன்டா, ரேடியோவையே செஞ்சுட்டு இருக்கியா?" என்றார். பதில் சொல்லவில்லை. கே.ஜி.எஃப்பில் இருந்த நண்பனுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், ப்ரவுசரை எங்கிருந்து தொறக்குற?"

"பேனல்ல ஐகான் இருக்கே."

"ஐகானை விடு. டெர்மினல்ல இருந்து ஓட்டு. அது பொலம்புறது அங்கதான் வரும்."

ஓட்டினேன். ஒரு புலம்பலும் இல்லை. "ப்ளகின்ரெக்.டேட்டை அழிச்சியா?" என்றான். அப்படியொரு கோப்பு இருப்பதே அன்றுதான் தெரிந்தது. ஃபயர்ஃபாக்ஸ் ஒருமுறை எந்தெந்த ப்ளகின் நல்லது, எது உதவாதது என்று பார்த்து அதில் எழுதி வைத்துக்கொள்ளும். உதவாதது என்று எழுதிவிட்டால், அந்தக் கோப்பு மாறாதவரை மறுபடி திரும்பிப் பார்க்காது. அதை அழித்துவிட்டு மறுபடி டெர்மினலிலிருந்து திறந்தபோது வந்தது அந்த வரி: ராங் ஈஎல்எஃப் கிளாஸ், ஈஎல்எஃப் கிளாஸ் 64. ஈஎல்எஃப் என்பது லினக்ஸின் நிரல் கோப்பு வடிவம்.

நான் கட்டிய ப்ளகின் 64 பிட். அதை ஏற்ற மறுத்த ப்ரவுசர் 32 பிட். 32 பிட் ப்ராசஸுக்குள் 64 பிட் லைப்ரரியை ஏற்றவே முடியாது. கோப்பின் வகையைச் சொல்லும் ஃபைல் என்ற கட்டளையை இரண்டு கோப்பின் மேலும் ஓட்டிப் பார்த்தேன், ஐயமே இல்லை.

64 பிட் உபுண்டுவில் 32 பிட் ப்ரவுசர் எப்படி வந்தது? வேறு யார், நான்தான். உபுண்டு 8.04 வெளிவந்தபோது அதில் இருந்தது ஃபயர்ஃபாக்ஸ் 3-இன் ஐந்தாவது பீட்டா. ஜூன் 17 அன்று முழுப் பதிப்பு வந்தது. ஒரே நாளில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட டவுன்லோடு என்று கின்னஸ் சாதனை படைத்தார்களே, அந்த 80 லட்சத்தில் ஒன்று என்னுடையது. மொசில்லா லினக்ஸுக்கு அன்று கொடுத்தது 32 பிட் மட்டும். ஃப்ளாஷ் ப்ளகினும் 32 பிட்தான் என்பதால் இரண்டும் ஒத்துப்போகும் என்று, 32 பிட் நிரல்களை ஓடவிடும் ஐஏ32 லைப்ரரிகளைப் போட்டு, பேனல் ஐகானையும் அதற்கே திருப்பிவிட்டிருந்தேன். ஒரே மாதத்தில் சுத்தமாக மறந்துபோயிற்று.

ப்ளகினை 32 பிட்டாகக் கம்பைல் செய்யலாமே என்று அரை மணி நேரம் முட்டிப் பார்த்தேன். ஐஏ32 பேக்கேஜில் இருப்பவை ஓடும்போது தேவைப்படும் லைப்ரரிகள். கட்டும்போது லிங்க் செய்யத் தேவையானவை இல்லை. விட்டுவிட்டேன். உபுண்டுவின் சொந்த 64 பிட் ஃபயர்ஃபாக்ஸ் அதற்குள் அப்டேட்டில் முழுப் பதிப்பாகி, அது பாட்டுக்கு மெனுவில் உட்கார்ந்திருந்தது. ஐகானை அதற்கு மாற்றினேன். ஃப்ளாஷுக்கு என்எஸ்ப்ளகின்ராப்பர் போதும். 32 பிட் ப்ளகினைத் தனி ப்ராசஸில் ஓட்டி இரண்டுக்கும் நடுவில் தரகு பார்க்கும்.

அபௌட்:ப்ளகின்ஸில் என் ப்ளகின் வந்தது. வானொலிப் பக்கத்தைத் திறந்தால் கட்டத்துக்குள் டோட்டம் ப்ளேயர் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தது. உபுண்டு தன் பங்குக்கு வைத்திருந்த ப்ளகின் அது, விண்டோஸ் மீடியா வகைகளுக்கெல்லாம் அதுவும் உரிமை கொண்டாடியது. இரண்டு பேர் ஒரே நாற்காலிக்கு வந்தால் ஒருவரை எழுப்பத்தான் வேண்டும். டோட்டம் ப்ளகினை நீக்கினேன்.

பாட்டு வந்தது. நாலு வரிக்கு ஒருமுறை திக்கியது. எம்ப்ளேயர்ப்ளக்-இன்னின் கான்ஃப் கோப்பில் கேஷ்சைஸை, அதாவது முன்கூட்டியே சேர்த்துவைக்கும் அளவை, 1024 கிலோபைட் ஆக்கினேன். எம்ப்ளேயர் அதில் ஐந்தில் ஒரு பங்கு நிரம்பிய பிறகுதான் பாட ஆரம்பிக்கும். 64 கேபிபிஎஸ் ஒலிபரப்பு நொடிக்கு 8 கிலோபைட்தான் தருகிறது. ஆக 25 நொடி மௌனம். அப்பாவால் 25 நொடி பொறுக்க முடியாது. மறுபடி சொடுக்குவார், எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். 512 ஆகக் குறைத்தேன், 13 நொடி. "பதிமூணு வரைக்கும் எண்ணுங்கப்பா" என்றேன். எண்ணினார். டி.எம்.எஸ். பாடினார்.

அவர் தூங்கப் போன பிறகு ஒரு சந்தேகம் உறுத்தியது. என் ப்ளகினை எடுத்துவிட்டு, காலையில் கோளாறு என்று ஒதுக்கிய பேக்கேஜைத் திரும்பப் போட்டேன். ஹெட்ஃபோனில் கேட்டேன். ஒரு குறையும் இல்லாமல் பாடியது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அதை நீக்கி, என் கையால் கட்டியதையே மறுபடி போட்டுவைத்தேன்.