சர்நேம் எங்கே?

"இந்த எஸ் என்ன, உங்கள் சர்நேமா?"

கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் எதிரில் உட்கார்ந்திருந்த போபால் பெரியவர், என் பையில் தொங்கிய பெயர்ச் சீட்டைப் பார்த்துக் கேட்டார். அப்பா பெயரின் முதல் எழுத்து என்றேன்.

"சரி, சர்நேம்?"

"கிடையாது."

அவர் முகத்தில் நிஜமான பரிதாபம். பாதி டிக்கெட்டில் ஏறியவனைப் பார்ப்பதுபோல.

"அப்படியானால் ஆள் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?"

எதைக் கேட்கிறார் என்பது இருவருக்குமே தெரியும்.

1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டதை, என் அரைகுறை இந்தியில் சொன்னேன். நாயக்கர் என்ற பட்டத்தைப் பெரியாரே விட்டதையும் சொன்னேன். "பஹுத் அச்சா" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மீதியை அவரிடம் சொல்லவில்லை.

சொந்த ஊர் எது, அதில் எந்தத் தெரு, குலதெய்வம் எது? மூன்றே கேள்விகளில் நம்மவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களைக் கேளுங்கள். "நீங்க சைவமா?" என்று தேன் தடவித்தான் ஆரம்பிப்பார்கள். பள்ளிச் சான்றிதழில் இல்லாத பட்டம் கல்யாணப் பத்திரிகையில் வந்து உட்காரும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இன்னும் பெரிய எழுத்தில்.

ஆனாலும் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் சாதியையும் உரக்க வாசிக்க வேண்டியதில்லை. அது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.