ரோரி என்றொரு டிராகன் குட்டி

முட்டை பொரிந்து இன்றோடு மூன்று நாள். விளையாட்டில் நான் வளர்க்கும் டிராகன் குட்டிக்கு ரோரி என்று பெயர் வைத்துவிட்டேன். அயர்லாந்தின் கார்க் நகரில் வளர்ந்த ராக் கிதார் கலைஞர் ரோரி கேலகர் நினைவாகத்தான். 1963-ல் 100 பவுண்டுக்கு வாங்கிய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரை 1995-ல், தம் 47-வது வயதில் இறக்கும்வரை அவர் விடவில்லை. நடுவில் ஒருமுறை திருடுபோய், ஏதோ பள்ளத்தில் கிடந்து திரும்பி வந்தது. வியர்வை பட்டுப் பட்டே பூச்செல்லாம் உரிந்து, உள்ளே மரம் தெரியும். அந்தக் கோலம்தான் அதற்கு அழகு.

என் குட்டிக்கும் முதுகில் திட்டுத் திட்டாகச் செதில் இல்லை. விற்றுவிட்டுப் பளபளப்பாக ஒன்று வாங்கச் சொன்னார்கள். சரி என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் நேராகப் போய் இந்தப் பெயரைத் தட்டினேன்.

பசித்தால் கத்துகிறது. சுருதிதான் சேரவில்லை.