ஒளிவட்டத்தை எடுத்துடுங்க தம்பி

சாமியாரின் புனிதர் பட்ட வேலையைப் பார்க்கும் போஸ்டுலேட்டர் ஃபாதர் முதல் தடவை ஃபோன் செய்தபோது, சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "தம்பி, குரூப்புல ஓடுற படத்துல சாமியார் தலைக்குப் பின்னால வட்டமா ஒண்ணு இருக்கே, அத யாரு வச்சது?"

நான்தான் வைத்தேன். ஃபோனில் அதற்கென்றே ஒரு ஆப் இருக்கிறது, இரண்டு தட்டு தட்டினால் போதும்.

எங்கள் கடற்கரைப் பங்கில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து, அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமானவர் அவர். விசாரணை இன்னும் நடக்கிறது, அதனால் பெயரும் ஊரும் வேண்டாம். ஒருவர் இறந்து ஐந்து வருஷம் கழிந்த பிறகுதான் பட்டத்துக்கான வேலையைத் தொடங்கலாம் என்பது திருச்சபை விதி. அன்னை தெரசாவுக்கும் போப் இரண்டாம் ஜான் பாலுக்கும் அதைத் தளர்த்தினார்கள். எங்கள் சாமியாருக்கு யார் தளர்த்தப் போகிறார்கள்? ஆனால் முகநூலுக்கு அந்த விதி கிடையாதே. முப்பதாம் நாள் பூசைக்கு முன்பே பக்கம் தொடங்கிவிட்டேன்.

ஒளிவட்டத்தில் என்ன தப்பு என்று கேட்டேன். 1634இல் போப் எட்டாம் உர்பான் போட்ட கட்டளையைச் சொன்னார். பட்டம் கிடைக்கும் முன் ஒருவருக்குப் பொது வணக்கம் செலுத்தக்கூடாது, ஒளிவட்டத்தோடு படம் வைக்கக்கூடாது. வீட்டில் தனியாக அவரிடம் வேண்டிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. கல்லறையையும், அவர் இறந்த அறையையும் ஆயர் தரப்பில் வந்து பார்த்து, அப்படியொன்றும் நடக்கவில்லை என்று எழுதிய பிறகுதான் காகிதங்கள் ரோமுக்கு நகரும். "இவங்களா பட்டம் குடுத்துட்டாங்கன்னு ஆயிடும் தம்பி. எடுத்துடுங்க."

ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து வட்டத்தையும், ‘புனித’ என்ற சொல்லையும், குருசடிக்குப் பக்கத்தில் நின்ற ஃபிளெக்ஸையும் எடுத்தோம். ஊரார் ஃபோன்களில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த படங்களை என்ன செய்ய முடியும்?

பிறகுதான் சாட்சிக்கான கடிதம் வந்தது. அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஆயரின் பிரதிநிதி ஒருவர், நீதியின் சார்பில் கேள்வி எழுப்பும் குரு ஒருவர், எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும் நோட்டரி ஒருவர். ‘சாத்தானின் வக்கீல்’ என்று சின்ன வயதில் கேட்டதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. 1983இல் முறையையே மாற்றிவிட்டார்கள், எதிர்த்து வாதாட இப்போது தனி ஆள் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. வேதாகமத்தில் கை வைத்து, உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தேன். அச்சடித்த கேள்விகள் இருந்தன. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் அதே துணைக்கேள்வி: நீங்க பாத்ததா, கேட்டதா?

அந்தக் கேள்விதான் என்னைப் புரட்டிப் போட்டது. சாமியாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் கேட்டது. கேட்டதிலும் பாதி ஃபோனில் படித்தது.

புயல் கதைக்கு வந்தோம். காற்று அடித்த ராத்திரியில் வள்ளங்கள் திரும்பாமல் நிற்க, சாமியார் கரையில் முழங்காலிட்டார், காற்று வெட்கப்பட்டு அடங்கியது, எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு மாதம் முன்பு பக்கத்துப் பங்குத் திருவிழாவில் ஒரு வயதான அம்மா இதை என்னிடமே சொன்னார். ‘காற்று வெட்கப்பட்டு அடங்கிச்சு மக்கா’ என்றார். அவர் மாமியார் கண்ணால் பார்த்ததாம். அது நான் எழுதிய வரி. முகநூலில், ஒரு மழை நாளில், கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று போட்ட வரி.

நான் பார்த்தது இதுதான். எனக்குப் பதினொரு வயது. பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி அந்த மனிதர் ராத்திரி முழுக்கத் தண்ணீரோரம் நின்றார். முழங்காலிடவில்லை. ஒரு வள்ளம் மறுநாள் மதியம்தான் வந்தது. காற்று தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

அதைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த நோட்டரி நிமிர்ந்து பார்த்தார். கேள்வி கேட்ட குரு 2007இல் ரோம் வெளியிட்ட அறிவுறுத்தலை எடுத்துக் காட்டினார். புனிதர் என்ற பெயர் மக்களிடம் தானாக எழுந்ததாக இருக்க வேண்டும், செயற்கையாக உண்டாக்கியதாக இருக்கக்கூடாது. எங்கள் பக்கத்து தேவசகாயத்தை நினைத்துக்கொண்டேன். 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டார், 2022இல் புனிதர் ஆனார். இடைப்பட்ட 270 வருஷமும் ஜனங்கள் எந்த முகநூல் பக்கமும் ‘லைக்’கும் இல்லாமல்தான் அவரைத் தேடிப் போனார்கள்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 2020இல் இத்தாலியின் அசிசியில், சின்ன வயதிலேயே இறந்த கார்லோ அகுதிஸ் என்ற பையனின் கல்லறையைத் திறந்து காட்டியபோது, உடல் அழியாமல் இருக்கிறது என்று இணையமெங்கும் பரவியது. இல்லை, முகம் சிலிகோனில் செய்தது என்று ஆயரே விளக்க வேண்டியிருந்தது. அதே வருஷம் இன்னொன்றும் வெளிவந்தது. உயிரோடிருக்கும்போதே உலகம் புனிதர் என்று கொண்டாடிய ஜான் வனியே, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு இல்லங்கள் தொடங்கியவர், பெண்களிடம் தவறாக நடந்தவர் என்று அவர் தொடங்கிய அமைப்பின் விசாரணையே சொன்னது. அதைப் படித்திருந்ததால், ‘இவரிடம் குறை ஏதும் கண்டீர்களா?’ என்ற கேள்வி வந்தபோது கோபம் வரவில்லை. என்ன சொன்னேன் என்பது அந்த அறையிலேயே இருக்கட்டும். ஆனால் ஒன்று சொன்னேன்.

மூன்று மணி நேரம் ஆனது. எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். புயல் பதிவை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். அழிக்க வேண்டாம், தேதியோடு ஒரு பிரதி எடுத்துத் தாருங்கள் என்றார் நோட்டரி.

அன்று ராத்திரி அந்தப் பதிவின் கீழே எழுதினேன்: ‘காற்று அடங்கியது என்ற வரி என் கற்பனை. சாமியார் விளக்கோடு நின்றார், அவ்வளவுதான்.’ பத்து நிமிஷத்தில் பதினேழு பேர் ‘ஆமென்’ போட்டிருந்தார்கள். படித்துவிட்டுத்தான் போட்டார்களா தெரியவில்லை.