எங்கே நிறுத்தினேன்

லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் இதழியல் பாடம் எடுக்கிறேன். ஏப்ரல் கடைசி வந்தால் இரண்டு வகுப்பு 1992 கலவரத்துக்கு. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் ஏப்ரல் 29 அன்று விடுதலையானதும் வெடித்தது அது. 60 பேருக்கு மேல் செத்தார்கள். என் மாணவர்களில் அநேகம் பேர் அப்போது பிறக்கவேயில்லை.

முதல் மூன்று வருஷம் பாடத்தை ஒரே மாதிரிதான் ஆரம்பித்தேன். விளக்கை அணைத்து, சத்தத்தையும் நிறுத்திவிட்டு, ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த அந்த வீடியோவைப் போடுவேன். ஃப்ளாரன்ஸ் தெருவும் நார்மண்டி தெருவும் சந்திக்கும் முனை. சிவப்பு லாரி. வெள்ளைக்கார டிரைவர் ரெஜினால்ட் டென்னியைக் கீழே இழுத்துப் போட்டு அடிக்கிறார்கள் சில கறுப்பின இளைஞர்கள். ஒருவன் கல்லைத் தலையில் எறிந்துவிட்டு ஆட்டம் போடுகிறான். அந்த இடத்தில் நிறுத்தி, “கேமரா எங்கே இருக்கிறது?” என்று கேட்பேன். நல்ல கேள்விதான் என்று எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

நாலாவது வருஷம் பின்வரிசையிலிருந்து ஒரு கறுப்பினப் பெண் கை தூக்கினாள். “நீங்க ஏன் புரொஃபசர் அங்கேயே நிறுத்திட்டீங்க? அப்புறம் என்ன நடந்துச்சுன்னு எங்க வீட்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.”

அப்புறம் நடந்தது எனக்கும் தெரியும். டென்னி அடிபடுவதை வீட்டில் டிவியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் நான்கு பேர் கிளம்பி அந்த முனைக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரும் லாரி டிரைவர்தான். டென்னியின் லாரியையே ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டென்னி பிழைத்தார். போலீஸ் அந்த முனையிலிருந்து முன்பே பின்வாங்கிவிட்டிருந்தது. இத்தனையும் என் பாடக்குறிப்பில் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஆனால் வகுப்பு பார்த்தது கல்லை மட்டும்தான். பாஸ் பட்டனை அழுத்தியது என் விரல்.

இது எனக்குப் பழைய பழக்கம் என்றுதான் சொல்லவேண்டும். இங்கே வருவதற்கு முன் தமிழ்நாட்டில் ஒரு நாளிதழில் சப் எடிட்டராக இருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு சேரி தாக்கப்பட்ட செய்தி வந்தால், ‘இருதரப்பினர் மோதல், பதற்றம், போலீஸ் குவிப்பு’ என்று தலைப்புப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். யார் தாக்கினார்கள், யார் வீடு எரிந்தது, எதுவும் தலைப்பில் இருக்காது. சாதிப் பெயரைப் போட்டால் பிரச்சினை பெரிதாகும் என்பது நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, அதுதான் சங்கடம்.

பாடத்தை மாற்றினேன். இப்போது 1965இல் இதே ஊரில் கறுப்பினத்தவர் வாழும் வாட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் கறுப்பின நிருபர் ஒருவர்கூடக் கிடையாது. விளம்பரப் பிரிவில் எடுபிடி வேலை பார்த்துவந்த ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற 24 வயதுக் கறுப்பின இளைஞரைக் கலவரப் பகுதிக்குள் அனுப்பினார்கள். தெருவோரத் தொலைபேசியிலிருந்து அவர் செய்தி சொன்னார். மறு வருஷம் பத்திரிகைக்குப் புலிட்சர் விருது. மாணவர்கள் இந்தக் கதையை விடவே மாட்டார்கள். பிறகு 1967 டெட்ராய்ட் கலவரம். சேதம் 50 கோடி டாலர் வரை இருக்கும் என்று முதலில் செய்தி பரவியது. பின்னர் வந்த மதிப்பீடுகளில் மிக அதிகமானதே 4.5 கோடிதான் என்று 1968இல், அந்தக் கலவரங்களை ஆராய அரசு அமைத்த கெர்னர் கமிஷன் எழுதியது.

போன வருஷம் வகுப்பில் ஒரு கொரிய மாணவன் இருந்தான். 1992இல் அவன் பாட்டியின் மளிகைக்கடை எரிந்திருக்கிறது. “கொரியர்னாலே கூரைமேல துப்பாக்கியோட நிக்கிற படத்தைத்தான் போடறாங்க. எங்க பாட்டி ரேடியோ கொரியாவைக் கேட்டுக்கிட்டு ராத்திரி முழுக்க அழுதிருக்காங்க” என்றான். முன்வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்து, “லட்டாஷா ஹார்லின்ஸ்?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். 1991 மார்ச்சில், 1.79 டாலர் ஆரஞ்சு ஜூஸைத் திருடுவதாக நினைத்து, லட்டாஷா என்ற அந்த 15 வயது கறுப்பினப் பெண்ணைக் கொரியக் கடைக்காரம்மா சுட்டுக் கொன்றார். அந்தப் பிள்ளையின் கையில் 2 டாலர் இருந்தது. கடைக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. இருந்தும் கடைக்காரம்மாவுக்குச் சிறைத்தண்டனை இல்லை. அந்தப் பையன் தலையாட்டினான். நான் குறுக்கே எதுவும் பேசவில்லை; பேசத் தோன்றவில்லை என்பதுதான் நிஜம்.

கடைசிப் பயிற்சியாக, நான் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்து நடந்ததைச் செய்தியாக எழுதச் சொன்னேன். அந்தப் பையன் எழுதிய முதல் வரி: ‘டிவி பார்த்துக்கொண்டிருந்த நான்கு பேர் எழுந்து கிளம்பினார்கள்.’ அவர்கள் கறுப்பினத்தவர் என்பதை எழுதவில்லை.

“அதை ஏன் விட்டே?” என்றாள் முன்வரிசைக்காரி.

“அடிச்சவங்க நிறத்தையும்தான் நான் எழுதலையே.”

“அது எல்லார் கண்ணுலயும் ஏற்கனவே இருக்கு. இது இல்ல.”

இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. அடுத்த வகுப்பு ஆட்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த பிறகும் வாக்குவாதம் ஓயவில்லை.