ஒரு வரிக்கு இரண்டு நாள்

ஒரு வேலையைச் செய்கிறவருக்கு என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்று வரையறுப்பது தொழில் திறன் தரநிலை. அதை எழுதும் குழுவுக்கு, மின் பராமரிப்பு அனுபவத்தை வைத்து என்னையும் அழைத்திருந்தார்கள். ஆலை, மருத்துவமனை, கட்டுமானம், உணவுத் தயாரிப்பு என்று பல துறைக்காரர்கள். எல்லா இடத்திலும் இந்த வேலை உண்டு, ஆனால் பெயர்தான் இடத்துக்கு இடம் வேறு. முதல் நாள் முழுக்க அதிலேயே போனது. கடைசியில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் ஐஎஸ்கோ-08 வகைப்பாட்டில் 7412 என்ற எண்ணில் வரும் மின் மெக்கானிக், ஃபிட்டர் பிரிவைப் பிடித்துக்கொண்டோம்.

அப்புறம் டேகம் முறைக்குப் போனோம். 1960களில் கனடாவில் உருவான முறை இது. வேலையைச் செய்கிறவர்களே உட்கார்ந்து, என்னென்ன செய்கிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். சுவர் சீக்கிரமே நிறைந்துவிட்டது.

சிக்கல் ஒரே ஒரு வரியில் வந்தது. 'மின் பாதுகாப்பு பற்றி அறிந்திருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். அறிந்திருப்பதைத் தேர்வாளர் எப்படிப் பார்ப்பார்? செய்வதைத்தான் பார்க்க முடியும். சரி, உடைத்து எழுதுவோம் என்று தொடங்கினோம். இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு எச்சரிக்கை அட்டை மாட்டுவது. மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் டெஸ்டரைச் சோதிப்பது. வேலை செய்யும் இடத்தில் மின்சாரம் இல்லை என்று பார்ப்பது. மறுபடியும் டெஸ்டரைச் சோதிப்பது. கடைசிப் படி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நடுவில் டெஸ்டரே பழுதாகியிருந்தால் அது 'மின்சாரம் இல்லை' என்றுதான் காட்டும். அந்தப் படியை எடுக்க நான் சம்மதிக்கவே இல்லை. இரண்டு நாள் ஆனது. ஆனால் எழுதி முடித்த அலகு, அதாவது தரநிலையின் அந்தப் பகுதி, எல்லாத் துறைக்கும் அப்படியே பொருந்தியது. ஒருமுறை எழுதியதைத் துறைக்குத் துறை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வரைவைப் பணியிடங்களுக்கு எடுத்துப் போனபோது, மூத்த தொழிலாளி ஒருவர் படித்துவிட்டு, "கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்றது எங்கே?" என்றார். இணைப்பைத் துண்டித்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எங்கள் யாருக்கும் தோன்றவில்லை! அன்றைக்கே சேர்த்தோம்.

எந்தத் தகுதி நிலையில் வைப்பது என்ற முடிவு, மொழித் திருத்தம், ஒப்புதல் எல்லாம் வழக்கமான அலுவல் வேகத்தில் நடந்து முடிந்தன.

தரநிலையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை திருத்தியாக வேண்டும். சூரிய மின்தகட்டில் வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும் வரை மின்னழுத்தம் இருக்கும். அங்கே துண்டிப்பு பற்றி நாங்கள் எழுதியது போதாது. அடுத்த கூட்டத்துக்கு நான் குறித்து வைத்திருக்கும் முதல் வரி அதுதான்.