எத்தனை ஜீப் சேர்ந்தால் ஒரு ஜீப்?

என் ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தில், எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்று எழுதி, பிறகு அதை அடித்து டீசல் என்று திருத்தி, பக்கத்தில் முத்திரை வைத்திருக்கிறார்கள். வண்டியின் பாதிக் கதை அந்த ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடும். 1960களின் கடைசியில் வந்த மகிந்திரா சிஜே-3பி அது. ஏதோ ஒரு அரசுத் துறையில் ஓடிக் களைத்து, கண்டம் செய்யப்பட்டு, ஏலத்தில் எடுக்கப்பட்டு, போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பல ஆண்டுகள் ஆள் ஏற்றி, கடைசியில் ஒரு பட்டறையின் பின்புறம் வேப்பமரத்தடியில் நின்றபோது என் கண்ணில் பட்டது.

சிஜே-3பியைத் தூரத்திலேயே அடையாளம் காணலாம். அதன் பானெட், அதாவது எஞ்சினை மூடும் முன்மூடி, மற்ற ஜீப்புகளுடையதைவிட உயரமானது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய, அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் எம்பி ஜீப்பில் இருந்த எஞ்சினில் வால்வுகள் எல்லாம் சிலிண்டர்களுக்குப் பக்கவாட்டில் இருந்ததால், தாழ்ந்த பானெட்டுக்குள் அது அடங்கியது. பின்னால் வந்த ஹரிக்கேன் எஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வுகளை மட்டும் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு ஏற்றினார்கள். இழுவை கூடியது, எஞ்சினின் உயரமும் கூடியது. அந்த எஞ்சினை ஏற்கெனவே இருந்த உடலுக்குள் அடைப்பதற்காக பானெட்டைத் தூக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். அழகுக்காகச் செய்தது எதுவும் அதில் இல்லை என்பதாலேயே எனக்கு அந்த முகம் பிடிக்கும். அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை வந்த அந்த வடிவத்தை, 1940களின் இறுதியிலேயே வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கத் தொடங்கியிருந்த மகிந்திரா, அதன் பிறகும் நெடுநாள் தயாரித்தது. நம் ஊர்ப்பக்கம் தாசில்தார் ஜீப், போலீஸ் ஜீப் என்று பார்த்து வளர்ந்தவர்களின் நினைவில் நிற்பது பெரும்பாலும் இந்த முகமும் இதன் வழிவந்தவையும்தான்.

என் வண்டியில் பானெட் மட்டும்தான் இப்போது உயரம். உள்ளே ஹரிக்கேன் இல்லை. 2,199 சிசி பெட்ரோல் எஞ்சினை என்றைக்கோ இறக்கிவிட்டு, பிரெஞ்சு நிறுவனமான பியூஜோவின் உரிமத்தில் மகிந்திரா தயாரித்த எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சினை ஏற்றியிருக்கிறார்கள். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். அந்தப் பெயருக்கு அதுதான் பொருள். கொள்ளளவு 2,112 சிசி. கியர்பாக்ஸும் மூன்று கியர் வைத்த பழையது அல்ல. தரையிலிருந்து எழுந்து நிற்கும் மூன்று குச்சிகளில், ஃபோர் வீல் போடும் குச்சியின் உருண்டைப் பிடி வேறு ஏதோ லாரியிலிருந்து வந்தது போலிருக்கிறது.

வாங்கிய புதிதில் இதையெல்லாம் ஒரு குறையாகவே நினைத்தேன். கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோக வேண்டும் என்ற வெறியில், மதுரையில் உள்ள காயலான்கடைகளில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தேன். அப்படிச் சேர்ந்தவற்றில் மூன்று கைப்பிடி வைத்த ஒரு ஜெர்ரி கேனும் உண்டு. ஜெர்மானியர் வடிவமைத்து, மற்றவர் எல்லோரும் பார்த்துச் செய்துகொண்ட 20 லிட்டர் கேன் அது. நிறைந்த கேனை இருவர் ஆளுக்கொரு ஓரப்பிடியைப் பற்றித் தூக்கலாம். காலியானவை என்றால் ஒரே ஆள் ஒரு கைக்கு இரண்டாகத் தூக்கலாம். மூன்று கைப்பிடிக்கும் காரணம் இதுதான் என்று தெரிந்த நாளிலிருந்து அதை வெறும் அலங்காரமாக வண்டியில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் நிரப்பித்தான் எடுத்துப்போகிறேன்.

அந்த வெறி ஒரு போல்ட்டால் தணிந்தது. முன்கண்ணாடிச் சட்டத்தின் கீல்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தபோது, ஒரு போல்ட்டின் தலையில், துருவுக்கு அடியிலிருந்து, வளைந்த கையெழுத்தில் ஆங்கில எஃப் எழுத்து எழுந்து வந்தது. போர்க்காலத்தில் வில்லிஸின் வரைபடத்தை வாங்கி ஃபோர்டு நிறுவனம் தயாரித்த ஜிபிடபிள்யூ ஜீப்பில், போல்ட் வரைக்கும் அந்த எழுத்தைக் குத்தினார்கள். (ஜிபி என்பதை ‘பொதுப் பயன்பாடு’ என்பதன் சுருக்கம் என்றே பலரும் சொல்கிறார்கள். ஃபோர்டின் குறியீட்டில் ஜி அரசு வண்டியையும், பி 80 அங்குல வீல்பேஸையும் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்), டபிள்யூ வில்லிஸையும் குறிப்பவை.) போர் முடிந்து உபரியாக விற்கப்பட்ட ஏதோ ஒரு வண்டி எங்கோ பிரிக்கப்பட்டு, அதன் போல்ட் ஒன்று, அந்த வண்டிக்கு இருபது ஆண்டுகள் பிந்திப் பிறந்த என் வண்டியில் ஏறியிருக்கிறது. பூட்டிய மெக்கானிக்குக் கையில் கிடைத்த போல்ட் அளவு சரியாக இருந்திருக்கும். அதற்கு மேல் அவர் யோசித்திருக்க மாட்டார். ஒரே ஜீப்பாகப் பிறந்து ஒரே ஜீப்பாக நிற்கும் வண்டி நம் ஊரில் எத்தனை இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டேன்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், எண்பலகையில் விஏ என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேசிஸ் என்ற அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது; அன்றாட ஓட்டத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. என் வண்டி இரண்டு வகையிலும் தேறாது. வயிற்றுப்பாட்டுக்காக டீசலுக்கு மாறி மலையேறிய வண்டிகளுக்கு அந்த ஏட்டில் இடமில்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் எஞ்சினை மீண்டும் மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டு, பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் மட்டும் முழுதாகப் பிரித்துச் செய்து, வண்டியைச் சாலையில் இறக்கினேன்.

முதல் நெடும்பயணம் அதன் பழைய வழியிலேயே அமைந்தது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் ஒவ்வொரு வளைவிலும் இரு கைகளாலும் சக்கரத்தை இழுக்க வேண்டும். இரண்டாம் கியரில் எஞ்சின் முனகும் சத்தம் மலைச்சுவரில் பட்டு நமக்கே திரும்பி வரும். பாதி ஏறியதும் வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்க, ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, அரை மணி நேரம் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறிய பிறகு ஜெர்ரி கேன் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போனது. பூப்பாறை வழியாகச் சூரியநெல்லியை அடைந்தபோது இருட்டிவிட்டது.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் அதற்கு ஜீப் ஏறும் பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான் போகிறது. உருண்ட கற்கள் நிறைந்த அந்தப் பாதையில் உள்ளூர் ஜீப்புகளுக்கே அனுமதி என்பதால், விடியுமுன் என் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாடகை ஜீப்பில் ஏறப்போனேன். ஓட்டுநருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. டார்ச் அடித்து என் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தவர், “அண்ணே, கியர்பாக்ஸ் மகிந்திரா மேஜர் ஜீப்போடது. எஞ்சின் எம்எம் 540 ஜீப்புல இருந்து எடுத்தது. சரிதானே?” என்றார். எனக்கு அதை உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அவருக்குச் சந்தேகமே இல்லை.

அவருடைய ஜீப்பின் பானெட்டை ஒரு பக்கம் கொக்கி பிடித்திருந்தது. மறுபக்கத்துக் கொக்கி உடைந்துபோய், சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருந்தார். காயலான்கடையில் ஜோடியாக வாங்கிய பழைய கொக்கிகள் என் டூல்ஸ் பெட்டியில் இருந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இரண்டே நிமிடத்தில் அதைப் பூட்டி, டியூபை அவிழ்த்து இருக்கைக்கு அடியில் பத்திரப்படுத்தினார். கொழுக்குமலை ஏறி இறங்கும்வரை அந்தப் பக்கத்துப் பானெட்டிலிருந்து சத்தமே வரவில்லை.